ஆண்டுக்குக் கீழே உள்ள அந்தப் பருக்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். தேவகோட்டைக்கு அருகில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில், மறைந்த அப்பத்தாவின் மரப்பெட்டியிலிருந்து மஞ்சள் துணியில் முடிந்த 37 வெள்ளிக் காசுகள் கிடைத்தன. 1840 என்று போட்டவை ஆறு, 1862 என்று போட்டவை பதினொன்று, விக்டோரியாவின் பிற்கால ஆண்டுகள் ஏழு, எட்வர்டு நான்கு, 1911 ஒன்று, 1918ஐ ஒட்டியவை மூன்று, 1944, 1945 ஆண்டுகளில் நான்கு. இவை போக, ராமர் பட்டாபிஷேகம் பொறித்த 1818ஆம் ஆண்டுக் காசு ஒன்றும் உள்ளது. ஒன்பது காசுகளில் வளையம் வைத்த தடம் இருக்கிறது. பெரும்பாலானவை கறுத்துப் போயிருக்கின்றன. சில 1862 காசுகளில் ஆண்டுக்குக் கீழே பரு போலப் புள்ளிகள் இருக்கின்றன; அது குறை என்றும், பாலிஷ் போட்டால் மறைந்துவிடும் என்றும் எங்கள் ஊர் ஆசாரி சொல்கிறார். ஒரு வியாபாரி எல்லாவற்றையும் எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். கைபேசியில் வரும் காணொளிகளோ 1862 காசு ஒன்றுக்கே பல லட்சம் என்கின்றன. இவற்றை எப்படி அடையாளம் காண்பது, கழுவலாமா, விற்கலாமா என்று சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு, வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் நான் முதலில் சொல்ல விரும்பியது, ஆசாரியிடம் கொடுக்க எடுத்து வைத்திருந்தால் அந்தக் காசுகளை உடனே திரும்ப எடுத்து வந்துவிடுங்கள் என்பதுதான். அவர் குறை என்று சொன்ன அந்தப் பருக்கள்தாம் உங்கள் பெட்டியில் இருக்கும் மிகச் சுவையான செய்தி. கறுத்திருக்கும் அந்த மேற்பரப்போ, காசின் தரத்தை மதிப்பிட நமக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி. பாலிஷ் சக்கரம் இரண்டையும் ஒரே நிமிடத்தில் அழித்துவிடும்.

புள்ளிகளின் கதையைப் புரிந்துகொள்ள, 1862 என்ற ஆண்டு எதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து அரசியின் கைக்கு நேரடியாக மாறியதால், முடி சூடிய விக்டோரியாவின் உருவத்துடன் 1862இல் புதிய ரூபாய் வந்தது. அதன் பின்பக்கத்தில் பூங்கொடி வளையத்துக்குள் 'ஒன் ரூபி, இந்தியா, 1862' என்று ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் 1873 வரை ஆண்டுதோறும் அடிக்கப்பட்ட ரூபாய்கள் அனைத்தும் 1862 என்றே பொறிக்கப்பட்டன. 1874இலிருந்துதான் அடித்த ஆண்டையே பொறிக்கும் வழக்கம் தொடங்கியது. அதாவது உங்களிடம் உள்ள பதினொரு காசுகளும் ஒரே ஆண்டில் பிறந்தவையாக இருக்க வேண்டியதில்லை. பம்பாய் அக்கசாலை (காசு அடிக்கும் இடம்) மட்டும், ஆண்டு மாறாமலே நின்ற அந்தக் காலத்தில், ஆண்டு எண்ணுக்குக் கீழேயும் சில அச்சுகளில் மேலே உள்ள எழுத்துக்கு அருகிலும் சிறு புள்ளிகளைச் சேர்த்து வந்தது. இப்புள்ளிகள் காசு உண்மையில் அடிக்கப்பட்ட ஆண்டைக் குறிக்கும் இரகசியக் கணக்கு என்பது நாணய ஆய்வாளர்களிடையே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. எனவே சேகரிப்பாளர்கள் 1862 ரூபாய் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்துவதில்லை. மேலே இத்தனை புள்ளி, கீழே இத்தனை புள்ளி என்று எண்ணிப் பதிவு செய்கிறார்கள். சில எண்ணிக்கைகள் மலிவாகக் கிடைக்கும், சில தேடினாலும் கிடைப்பதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எல்லா மேடும் புள்ளி ஆகாது. துருப்பிடித்த அச்சால் அடிக்கப்பட்ட காசிலும் ஒழுங்கற்ற சிறு மேடுகள் தோன்றும். அவை கோணல்மாணலாக, இடம் பார்க்காமல், ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கும். அக்கசாலை வைத்த புள்ளி உருண்டையாக, எண்ணின் உயரத்துக்கு ஏறக்குறைய இணையாக, ஆண்டுக்குக் கீழே நடுவில் வரிசையாக அமைந்திருக்கும். பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடி ஒன்று கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அதை வாங்கிக்கொள்ளுங்கள். புள்ளிகளை எண்ணி முடித்தபின், அரசியின் மார்பை மூடியுள்ள ஆடையின் முன்பட்டையில் இருக்கும் பூவேலையையும், பின்பக்கத்தில் உச்சியில் உள்ள பூவின் இதழ் விரிந்திருக்கிறதா குவிந்திருக்கிறதா என்பதையும் ஒரு காசுக்கு எதிராக மற்றொன்றை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே மாதிரி என்று நீங்கள் நினைத்த பதினொன்றும் மூன்று நான்கு குழுக்களாகப் பிரிந்துவிடும்.

1840 காசுகளிலும் இதே ஆண்டுச் சிக்கல்தான், இன்னும் நீண்டது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனி ஆட்சிப் பகுதிகள் முழுவதற்கும் 180 கிரெய்ன் (சுமார் 11.66 கிராம்) எடையும் பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய்மையும் கொண்ட ஒரே ரூபாயை ஏற்படுத்தியது. நான்காம் வில்லியத்தின் தலையுடன் அது முதலில் வந்தது. விக்டோரியாவின் தலையுடன் 1840இல் தொடங்கிய ரூபாய், புதிய 1862 ரூபாய் வரும்வரை, கல்கத்தா, பம்பாய், மதராஸ் ஆகிய மூன்று அக்கசாலைகளிலும் அதே 1840 என்ற ஆண்டைத் தாங்கியே அடிக்கப்பட்டது. உங்கள் ஆறு காசுகளையும் தலைப்பக்கம் மேலாக வரிசையாக வையுங்கள். 'விக்டோரியா குயின்' என்ற எழுத்து அரசியின் தலைக்கு மேலாக இடைவெளியின்றி வளைந்து ஓடினால் அது முந்தைய வகை. 'விக்டோரியா' இடப்பக்கமும் 'குயின்' வலப்பக்கமுமாகத் தலை நடுவே நின்று பிரித்தால் அது பிந்தைய வகை. பிறகு காசைத் திருப்பி, இலை வளையத்தில் உள்ள சிறு கனிகளை எண்ணுங்கள். பத்தொன்பது, இருபது, இருபத்தெட்டு, முப்பத்துநான்கு, முப்பத்தைந்து என்று எண்ணிக்கை மாறும். இந்த வகைப்பாட்டில் அச்சு வெட்டியவரின் முதலெழுத்தும் சேரும். அரசியின் கழுத்து வெட்டு முடியும் இடத்தில் வில்லியம் வயன் என்பவரைக் குறிக்கும் எழுத்துகள் இருக்கின்றனவா, அவை மேடாக உள்ளனவா பள்ளமாக உள்ளனவா என்று பார்த்து எழுதி வையுங்கள். மதராஸ் அக்கசாலை 1869இல் மூடப்பட்டது என்பதால், நம் ஊர்ப் பெட்டிகளில் கிடைக்கும் இந்த ரூபாய்களில் சில சென்னையிலேயே அடிக்கப்பட்டவையாக இருக்கலாம் என்று நினைத்துப் பார்ப்பதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு.

'குயின்' என்ற சொல் 'எம்ப்ரஸ்' ஆக மாறியது 1877இல். அந்த ஆண்டின் முதல் நாளில் டெல்லி தர்பாரில் விக்டோரியா இந்தியப் பேரரசியாக அறிவிக்கப்பட்டார். உங்கள் ஏழு காசுகளில் 1874 முதல் 1876 வரையான ஆண்டுடையவை குயினாகவும், அதன் பின் 1901 வரை உள்ளவை எம்ப்ரஸாகவும் இருக்கும். இவற்றில் பின்பக்கத்தின் அடியில், ஆண்டுக்குக் கீழே உள்ள பூவில் 'பி' என்ற ஆங்கில எழுத்து மேடாகவோ பள்ளமாகவோ இருந்தால் பம்பாய். 'சி' இருந்தாலோ எழுத்தே இல்லாமல் போனாலோ பெரும்பாலும் கல்கத்தா. வெள்ளியின் விலை உலகச் சந்தையில் தொடர்ந்து சரிந்து வந்ததால், 1893 ஜூன் மாதத்தில், தனியார் வெள்ளியைக் கொண்டுவந்து காசாக அடித்துக்கொள்ளும் உரிமையை அரசு நிறுத்தியது. ஆகவே அதையடுத்த சில ஆண்டுகளில் அக்கசாலையிலிருந்து வெளிவந்த ரூபாய்கள் குறைவு. உங்கள் ஏழில் 1894 முதல் 1899 வரையான ஆண்டு ஏதேனும் இருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். அதன் அடியில் உள்ள எழுத்தையும் பார்த்துச் சொல்லுங்கள். ஏழாம் எட்வர்டின் நான்கு காசுகள் 1903 முதல் 1910 வரையான காலத்தவை. அரசர் கிரீடமின்றி வெறுந்தலையுடன் காட்சி தருவார், கிரீடம் காசின் பின்பக்கத்தின் உச்சிக்குப் போய்விட்டிருக்கும். 1862இல் காணாமற்போன பாரசீக எழுத்தும் மீண்டிருக்கும். இவை நல்ல தரத்தில் இருந்தால் ஒழிய விரிவாகப் பேச அதிகம் இல்லை.

1911 என்ற ஆண்டுடைய உங்கள் ஒற்றைக் காசைப் பற்றி மட்டும் நீங்கள் கேள்வி எழுப்பவில்லை; ஆனால் வியாபாரியின் கண் முதலில் அதன்மேல்தான் பட்டிருக்கும். ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாயில் அரசர் அணிந்துள்ள இந்தியப் பேரரசு விருதின் ஆரத்தில் ஒரு சிறு யானை தொங்கும். சிற்பி பெர்ட்ரம் மக்கெனல் வடித்த அந்த யானைக்குத் துதிக்கை குட்டையாகவும் கால்கள் கட்டையாகவும் அமைந்துவிட்டதால், மக்கள் கண்ணுக்கு அது பன்றியாகத் தெரிந்தது; இசுலாமியர் உள்ளிட்ட பலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். காசின் வெளியீடு நிறுத்தப்பட்டு, யானை திருத்தி வரையப்பட்டு, 1912 முதல் தெளிவான துதிக்கையுடன் புதிய அச்சு வந்தது. அடிக்கப்பட்ட சுமார் 94 லட்சம் காசுகளில் ஏறக்குறைய 7 லட்சமே வெளியே போனதாகவும், எஞ்சியவை உருக்கப்பட்டதாகவும் பதிவுகள் சொல்கின்றன. நம்மவர்கள் இதைப் 'பன்றி ரூபாய்' என்றே அழைக்கிறோம்.

இந்தக் காசில் வரும் ஏமாற்று எளிது, கண்டுபிடிப்பதும் எளிது. 1912 காசில் கடைசி எண்ணைச் செதுக்கி ஒன்றாக மாற்றுவார்கள். அப்படி மாற்றிய காசில் ஆண்டு பொய் சொல்லும், யானை உண்மை சொல்லும். நீண்ட துதிக்கையுள்ள யானை இருந்து 1911 என்ற ஆண்டும் இருந்தால் அது திருத்தப்பட்டது. யானை அரசரின் மார்பில், அதிகம் தேயும் இடத்தில் இருப்பதால் பழகிய காசுகளில் அது கட்டியாக மழுங்கிப்போயிருக்கும். அப்போது ஆண்டின் கடைசி ஒன்றை அதற்கு முந்தைய ஒன்றுடன் ஒப்பிட்டு, இரண்டும் ஒரே உயரம், ஒரே தடிமன், சுற்றிலும் ஒரே வழவழப்பு என்று பார்க்க வேண்டும். ஐந்தாம் ஜார்ஜ் காசுகளில் பம்பாய்க்கு எழுத்துக் குறி கிடையாது. பின்பக்கத்தின் அடியில் உள்ள தாமரைப் பூவுக்குக் கீழே ஒரு சிறு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லையென்றால் கல்கத்தா. உங்கள் 1918ஐ ஒட்டிய மூன்றும் இந்தக் குடும்பத்தவை. முதல் உலகப் போர்க் காலத்தில் மிகப் பெரிய எண்ணிக்கையில் அடிக்கப்பட்டவை. அமெரிக்க அரசு தன் கருவூல வெள்ளியை உருக்கி விற்றுத்தான் இந்தியாவின் வெள்ளிப் பஞ்சத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், அந்த மூன்று காசுகளில் உள்ள வெள்ளி அமெரிக்க டாலராக இருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

1944, 1945 காசுகள் நான்கும் வெள்ளிதான், ஆனால் பாதி வெள்ளி. இரண்டாம் உலகப் போரின் நெருக்கடியில் 1940ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ரூபாயில் 50 சதவீதம் வெள்ளி, 40 சதவீதம் செம்பு, மீதியில் நிக்கலும் துத்தநாகமும் சமமாகச் சேர்க்கப்பட்டன. கள்ளக்காசு அடிப்பவர்களைத் தடுக்க விளிம்பு வரிகளின் நடுவே ஒரு பள்ளக்கோடும் ஓடவிட்டார்கள். விரல் நகத்தால் விளிம்பைத் தடவினாலே அது தெரியும். லாகூரில் அடித்தவற்றில் 'எல்' என்ற சிறு ஆங்கில எழுத்து இருக்கும். எடைக்கு எடுத்துக்கொள்ள வந்த வியாபாரி இந்த நான்கையும் மற்றவற்றுடன் சேர்த்தே நிறுத்தால் அது அவருக்கு நட்டம், தனியே நிறுத்து விலையைப் பாதியாக்கினால் அது நியாயம். ஆனால் எல்லாவற்றையும் பாதி விலைக்கு எடுக்கப் பார்த்தால் உங்களுக்கு நட்டம். ஆகவே இரண்டு வகையையும் நீங்களே பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக ராமர் பட்டாபிஷேகக் காசு. கிழக்கிந்தியக் கம்பெனி 1818இல் ராமர், அனுமன், கிருஷ்ணர் உருவங்களுடன் எந்த நாணயமும் வெளியிடவில்லை. இவை பின்னாளில் கோயில் வாசல்களிலும் சந்தைகளிலும் விற்பதற்காகச் செய்யப்பட்ட வில்லைகள். பூஜை அறையில் வைத்து வணங்க எந்தத் தடையும் இல்லை. நாணயம் என்று யாரேனும் விலை பேசினால் மட்டும் நம்பாதீர்கள். அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் காசு என்ற பெயரில் தமிழகத்தில் நடக்கும் மோசடிகளுக்கு இந்த வில்லைகளையே பயன்படுத்துகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி உண்மைத்தன்மை. 1835 முதல் 1939 வரையான முழு வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. சித்த மருத்துவச் செய்முறைகளில் 'ஒரு ரூபாய் எடை' என்று இன்றும் நாம் படிக்கும் அளவு இந்தக் காசிலிருந்து வந்ததுதான். நன்றாகத் தேய்ந்த காசு 11.4 கிராம் அளவுக்குக் குறையலாம். ஆனால் உருவம் கூர்மையாக இருந்தும் எடை 11 கிராமுக்குக் கீழே போனால் ஐயப்பட வேண்டும். நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்று இருந்தால் வீட்டிலேயே அடர்த்தியும் பார்க்கலாம். தராசில் ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரை வைத்துக் காட்டும் எண்ணைச் சுழியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியையோ ஓரத்தையோ தொடாமல் முழுவதுமாக நீரில் மூழ்கும்படி கையில் பிடித்துக்கொள்ளுங்கள். 11.66 கிராம் எடையுள்ள நல்ல காசுக்குத் தராசு 1.13 கிராம் அளவில் காட்டும். எடையை இந்த எண்ணால் வகுத்தால் 10.3 வரும். பாதி வெள்ளிக் காசுக்கு 1.22 அளவில் காட்டி, வகுத்தால் 9.5 வரும். ஜெர்மன் சில்வர் எனப்படும் வெள்ளியில்லாக் கலவை இதைவிடவும் கீழே இறங்கிவிடும். பொடி வைத்துப் பற்றவைத்த ஒன்பது காசுகளில் மட்டும் இந்தக் கணக்குச் சிறிது பிசகும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். உரைகல்லில் உரைத்துப் பார்க்க யாரையும் அனுமதிக்காதீர்கள். நகைக் கடைகளில் உள்ள ஊடுகதிர்க் கருவி காசைத் தொடாமலேயே வெள்ளியின் விழுக்காட்டைச் சொல்லும். சுண்டி ஓசை பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தரையில் விழுந்து விளிம்பு அடிபட்ட காசுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எடை சரியாக இருப்பது மட்டும் போதாது, ஏனெனில் இப்போது நல்ல வெள்ளியிலேயே போலி செய்கிறார்கள். 1939 ரூபாய் மிக அரிது என்பதால் 1938 காசின் கடைசி எண்ணை மாற்றுவதும், புதிதாக அச்சு வெட்டி அடிப்பதும் நடக்கிறது. வார்த்தெடுத்த போலியில் எழுத்தின் ஓரங்கள் சோப்பில் செதுக்கியதுபோல் வழுவழுப்பாக இருக்கும். உருவமும் எழுத்தும் இல்லாத வெற்றிடத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். விளிம்பின் வரிகளுக்கு நடுவே இரண்டு பாதிகளை இணைத்த கோட்டின் சுவடு இருக்கலாம்.

இப்போது தரத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் இதுதான் பெரிய பகுதி. பழகாத காசு, சற்றே பழகிய காசு, நன்கு தேய்ந்த காசு என்று சேகரிப்பாளர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் அன்சர்குலேட்டட், எக்ஸ்ட்ராஃபைன், வெரி ஃபைன், ஃபைன் என்று படியாக வகுத்திருக்கிறார்கள்; சான்றளிக்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் எழுபது வரையான எண்ணில் மதிப்பிடுகின்றன. எண்களை மனப்பாடம் செய்வதைவிட, எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது பயன் தரும். காசு தேய்வது எப்போதும் மிக மேடான இடத்தில்தான். 1862 வகை விக்டோரியாவில் முதலில் மங்குவது காதுக்கு மேலே உள்ள முடியிழைகள், அடுத்துக் கன்னம், பிறகு ஆடையின் பூவேலை. முடியிழைகள் தனித்தனியாக எண்ணும்படி தெரிந்து ஆடையின் பூக்கள் முழுமையாக இருந்தால் அந்தக் காசு உயர்ந்த தரம். எட்வர்டுக்குக் காதும் நெற்றிப்பொட்டின் மேல் தலைமுடியும். ஜார்ஜுக்குக் கிரீடத்தின் நடுப்பகுதியும் ஆரமும் புருவமும். 1840 காசில் கழுத்துக்கு மேலே உள்ள பின்னல் கொண்டையைப் பாருங்கள்.

மேடான இடம் மழுங்கியிருப்பதால் மட்டும் தேய்ந்தது என்று முடிவு செய்துவிட முடியாது என்பதுதான் இதிலுள்ள நுட்பம். களைத்த அச்சால் அடிக்கும்போது உலோகம் அச்சின் ஆழமான குழியை நிரப்பாமல் நின்றுவிடும். காசு புதிதாக இருந்தாலும் முடி மங்கலாகத் தெரியும். இதைத் தீர்மானிப்பது ஒளி. புதிதாக அடிக்கப்பட்ட காசின் வெற்றிடத்தில் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உலோகம் பாய்ந்தபோது உண்டான, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகள் இருக்கும். ஒரு மேசை விளக்கின் கீழே காசைச் சற்றுச் சாய்த்துச் சுழற்றினால் இந்தக் கோடுகளில் ஒளி பட்டு, வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள்போல வெளிச்சக் கோடுகள் காசைச் சுற்றி வரும். கறுத்திருந்தாலும் அந்தக் கறுப்புக்கு அடியிலிருந்து அது சுற்றும். இவ்வொளி முழுதாக இருந்து முடி மட்டும் மங்கலாக இருந்தால் அது அடி மெலிவு, தேய்மானம் இல்லை. ஒளி வெற்றிடத்தில் இருந்து, மேடான இடங்களில் மட்டும் சாம்பல் நிறமாகச் செத்துப்போயிருந்தால் சிறு பழக்கம். எங்குமே இல்லாவிட்டால் நன்கு புழங்கிய காசு. எல்லா இடத்திலும் சமமாகக் கண்ணாடிபோல் பளபளத்து, ஒரே திசையில் மயிர்க்கோடுகள் தெரிந்தால் யாரோ ஏற்கெனவே தேய்த்திருக்கிறார்கள். திருநீறு போட்டு வெள்ளிப் பாத்திரம் துலக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் வந்த காசுகளில் நான் அடிக்கடி பார்ப்பது இந்தக் கோடுகளைத்தான். பூந்திக்கொட்டை நுரை அவ்வளவு கொடுமை செய்யாது, ஆனாலும் துணியால் அழுத்தித் துடைப்பதில் அதே கதைதான் நடக்கும்.

கறுப்பு என்பது காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியுடன் சேர்ந்து உண்டாக்கும் மெல்லிய படலம். இது நெடுங்காலமாக மெதுவாக வளரும்போது பொன்னிறம், நீலம், ஊதா என்று நிறங்கள் காட்டும். அதைச் சேகரிப்பாளர்கள் அழகாகவே கருதுகிறார்கள். அந்தப் படலத்தைக் கரைக்கும் வெள்ளித் துலக்கு நீர்மங்கள் வெள்ளியின் மேல்தோலையும் சிறிதளவு கரைத்து, முன்னே சொன்ன நுண்கோடுகளை அழித்துவிடுகின்றன. ஒளி போன காசுக்கு மீண்டும் ஒளி வராது. ஆகவே உங்கள் காசுகளுக்குச் செய்ய வேண்டியது மிகக் குறைவு. மண் ஒட்டியிருந்தால், காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒருநாள் ஊறவைத்து, மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி எடுத்துக் காயவிடுங்கள், தேய்க்க வேண்டாம். பச்சை நிறப் பிசுக்கு இருந்தால், அது மலிவான மென்பிளாஸ்டிக் உறையிலிருந்து கசிந்த பொருள் செம்பைத் தின்றதால் வந்ததாக இருக்கலாம். அப்படியானால் தூய அசிட்டோனில் சிறிது நேரம் நனைத்தால் போகும். எளிதில் தீப்பற்றும் நீர்மம் என்பதால் அடுப்புக்கு அருகில் வேண்டாம், வாசனை சேர்த்த நகப்பூச்சு நீக்கியும் வேண்டாம். அதன் பின் ஒவ்வொரு காசையும் தனித்தனியே பாலியெஸ்டர் சன்னல் வைத்த அட்டையில் இட்டு, ரப்பர் வளையம் சுற்றாமல், கம்பளித் துணியில் பொதியாமல், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுடன் மூடிய தகரப் பெட்டியில் வையுங்கள். அப்பத்தா முடிந்த அந்த மஞ்சள் துணியை எடுத்துப் பத்திரமாக வையுங்கள், ஆனால் காசுகளை மீண்டும் அதில் கட்டாதீர்கள்.

வளையத் தடம் உள்ள ஒன்பது காசுகளின் சந்தை விலை பெரும்பாலும் வெள்ளி விலையோடு நின்றுவிடும். தடத்தை அராவி எடுத்து மறைக்க முயன்றால் இருக்கும் மதிப்பும் போய்விடும். பற்றவைத்த சூட்டில் நிறம் மாறிய விளிம்பைப் பழகிய கண் எப்படியும் கண்டுகொள்ளும். அப்பத்தாவின் கழுத்திலோ குழந்தையின் இடுப்பிலோ கிடந்த காசுகள் அவை என்பதால், அவற்றை விற்பதைவிட வீட்டில் வைத்திருப்பதே சரி என்பது என் தனிப்பட்ட எண்ணம். சில காசுகளில் நட்சத்திரம், பிறை போன்ற சிறு குத்துகள் இருந்தால் அவை பணம் மாற்றித் தரும் சராப்புக் கடைக்காரர்கள் வெள்ளியின் தரத்தைச் சோதித்து அடித்த முத்திரைகள். விலையைக் குறைப்பவை என்றாலும் வரலாறு உள்ளவை.

விலையைப் பற்றி: ஒரு முழு வெள்ளி ரூபாயில் 10.69 கிராம் தூய வெள்ளி இருக்கிறது, பாதி வெள்ளி ரூபாயில் 5.83 கிராம். அன்றைய கிராம் விலையால் பெருக்கினால், எந்தக் காசையும் அதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்ற அடித்தளம் கிடைக்கும். பன்றி ரூபாய், அரிய புள்ளி எண்ணிக்கை உள்ள 1862, ஒளி முழுதாக உள்ள எந்தக் காசு ஆகியவை இந்த அடித்தளத்திலிருந்து மேலே போகும். எவ்வளவு என்பதை உங்கள் கையில் உள்ள குறிப்பிட்ட காசைப் பார்க்காமல் நேர்மையாகச் சொல்ல முடியாது. லட்சங்கள் என்று சொல்லும் காணொளிகள் வேறு வழிக்குக் கொண்டுபோகும். பழைய காசை வாங்கி விற்கும் வேலையில் தான் ஈடுபடுவதில்லை, அதற்குக் கட்டணமோ தரகோ கேட்பதும் இல்லை, தன் பெயரில் அவற்றை வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021இல் வெளிப்படையாக அறிவித்தது. முன்பணம், வரி, பதிவுக் கட்டணம் என்று யாரேனும் கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். நூறாண்டு கடந்த காசுகள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருவதால், அரசின் அனுமதியின்றி அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வெளிநாட்டில் உள்ள உறவினருக்குப் பரிசாகத் தபாலில் அனுப்பும் எண்ணம் இருந்தால் அதையும் கைவிடுங்கள். பெட்டியில் பரம்பரையாக இருந்தவை உங்களுடையவை. மண்ணில் புதைந்து கிடைத்த காசாக இருந்தால்தான் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்கும் கடமை வரும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பதினொரு 1862 காசுகளையும் 1911 காசையும் எடுத்து, சன்னலுக்கு அருகில் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி ஒரு மங்கலான துணியின் மேல் வைத்து, ஒவ்வொன்றின் இரு பக்கத்தையும், ஆண்டுப் பகுதியைத் தனியே கிட்டப் பிடித்தும் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் எடையையும், புள்ளிகள் எத்தனை, எங்கே என்பதையும் எழுதி அனுப்புங்கள். கழுவாத நிலையிலேயே எடுங்கள். என் பதில் வரும்வரை வியாபாரியைக் காத்திருக்கச் சொல்லுங்கள்.